புகை நம்ம டிஎன்ஏவை என்ன பண்ணுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி அன்னைக்கு விடிகாலைல சித்தி வீட்டு பின்கட்டுல எண்ணெய் குளியலுக்கு வெந்நீர் போட விறகு அடுப்பு பத்த வச்சாங்க. ரெண்டு நாளா மழை, விறகெல்லாம் ஈரம், பத்தவே இல்ல. ரெண்டு பால் கவரை சுருட்டி விறகுக்கு அடியில சொருகி தீக்குச்சி கிழிச்சாங்க, குபீர்னு கருப்பு புகை, ஊதாங்குழலை வாயில வச்சு ஊத ஊத இருமல், கண்ணுல தண்ணி. நான் ஓடிப்போய் "சித்தி கவர் வேணாம், அந்த புகை டிஎன்ஏவையே கெடுக்கும்"னு சொன்னேன். அவங்க முந்தானையில கண்ணை துடைச்சுக்கிட்டே "புகைன்னா கண்ணு எரியும், இருமல் வரும், அது எப்படிப்பா டிஎன்ஏ வரைக்கும் போகும்?"னு கேட்டாங்க.

நியாயமான கேள்வி. நாலு வருஷம் லேப்ல உக்காந்து அடிபட்ட செல்களை மைக்ராஸ்கோப்ல எண்ணுறதுதான் என் வேலையா இருந்துச்சு, ஆனா அவங்களுக்கு புரியுற மாதிரி ஒரு வரியில சொல்ல வரல. அப்புறம் அக்கம் பக்கத்துல இருக்குறவங்க, சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு நிறைய பேர் இதையே வேற வேற மாதிரி கேட்டாங்க. எல்லாத்தையும் சேர்த்து இங்க எழுதிட்டேன்.

ஆர்கானிக்னா நல்லது தானே? அப்புறம் எப்படி ஆர்கானிக் விஷம்?

கடையில "ஆர்கானிக்"னா ரசாயன உரம், பூச்சி மருந்து போடாம விளைஞ்சதுன்னு அர்த்தம். கெமிஸ்ட்ரியில அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற, கார்பனை அடிப்படையா வச்ச மூலக்கூறு பெரும்பாலும் எல்லாமே ஆர்கானிக் தான். சர்க்கரையும் ஆர்கானிக், பெட்ரோல்ல இருக்குற பென்சீனும் ஆர்கானிக், பூச்சி மருந்தான டிடிடியும், குப்பை எரிச்சா வர்ற டையாக்சினும் ஆர்கானிக். இந்த கூட்டத்துல சிலது காத்துலயும் தண்ணியிலயும் சாப்பாட்டுலயும் கலந்து நம்ம உடம்புக்குள்ள வந்து செல்லோட டிஎன்ஏவை, அதாவது செல் எப்படி வேலை செய்யணும்னு எழுதி வச்ச குறிப்பை, சேதம் பண்ணுது, அதைத்தான் நச்சு ஆர்கானிக் மாசுன்னு சொல்றாங்க.

எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னா குழம்பிடும். அதனால ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டு முழுசா சொல்றேன், மத்ததை நடுநடுவுல தொட்டுட்டு போறேன். அந்த ஒண்ணு பென்சோபைரீன்.

பென்சோபைரீன் எங்கேருந்து வருது?

எதையாவது சரியா எரியாம எரிச்சா வரும். விறகு, சாணி வரட்டி, நிலக்கரி, டீசல், சிகரெட், குப்பை, டயர் எல்லாம் ஒரே கதைதான். ஆக்சிஜன் நல்லா கிடைச்சு சூடும் நல்லா இருந்தா கார்பன் முழுசா எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடா போயிடும். ஈர விறகு, காத்து போகாத அடுப்பு, மூட்டமா புகையுற குப்பைன்னா பாதி எரிஞ்ச துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளையம் வளையமா சேரும். அஞ்சு பென்சீன் வளையம் ஒட்டிக்கிட்டா அது பென்சோபைரீன். இந்த மாதிரி பல வளையம் சேர்ந்த குடும்பத்தையே பிஏஎச்னு கூப்பிடுவாங்க. இது தனியா பறக்குறது கம்மி, பெரும்பாலும் கரித்துகள் மேல ஒட்டிக்கிட்டு தான் வரும். சித்தி வீட்டு அடுப்படி ஓட்டுக்கு அடியில கருப்பா பிசுபிசுன்னு தொங்குற ஒட்டடையை தொட்டுப் பாத்தா விரல்ல எண்ணெய் மாதிரி பிசுக்கு ஒட்டும், அந்த பிசுக்குல இந்த குடும்பம் மொத்தமும் இருக்கு.

இது கேன்சர் உண்டாக்கும்னு யார் கண்டுபிடிச்சாங்க?

250 வருஷத்து கதை. 1775ல லண்டன்ல பெர்சிவல் பாட்னு ஒரு சர்ஜன், புகைக்கூண்டு சுத்தம் பண்ற ஆளுங்களுக்கு விதைப்பையில ஒரு வகை கேன்சர் வருதுன்னு எழுதி வச்சார். அவங்க சின்ன பசங்களா இருக்கும்போதே அந்த குறுகலான கூண்டுக்குள்ள இறக்கி விட்டுருவாங்க, உடம்பெல்லாம் கரி, குளிக்க வழி கிடையாது, தோல் மடிப்புல கரி வருஷக்கணக்கா தங்கிடும். ஒரு தொழிலால கேன்சர் வருதுன்னு முதல்ல சுட்டிக் காட்டினது அவர்தான்.

1915ல ஜப்பான்ல யமகிவா, இச்சிகாவான்னு ரெண்டு பேர் முயல் காதுல தாரை மாசக்கணக்கா தடவிக்கிட்டே இருந்து கேன்சரை வர வச்சு காட்டினாங்க. தார்ல இருக்குற ஆயிரம் பொருள்ல எது குற்றவாளின்னு அப்பவும் தெரியல. லண்டன்ல கென்னவேயோட குழு 2 டன் தார்ப்பிசினை வடிச்சு பிரிச்சு பிரிச்சு கடைசியில 1933ல பென்சோபைரீனை தனியா எடுத்தாங்க. 2 டன்னை அலசி அதுல கொஞ்சூண்டு மஞ்சள் படிகம். அந்த உழைப்பை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு இப்போ இதை குரூப் 1ல வச்சிருக்கு, அதாவது மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்.

சரி, செல்லுக்குள்ள போய் அது என்னதான் பண்ணுது?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மூச்சுல உள்ள போற கரித்துகள் நுரையீரல்ல ஒட்டுது. அதுல இருக்குற பென்சோபைரீன் கொழுப்புல கரையுற பொருள், செல்லை மூடியிருக்குற சவ்வும் பெரும்பாலும் கொழுப்பால ஆனது, அதனால யாரையும் கேக்காம நேரா உள்ள நுழைஞ்சிடும். இந்த நிமிஷம் வரைக்கும் அது டிஎன்ஏவை ஒண்ணும் பண்ணாது. பண்ணவும் முடியாது, அது ரொம்ப மந்தமான மூலக்கூறு, எதோடயும் அவ்வளவு சீக்கிரம் வினை புரியாது.

உடம்புக்கு இது வேண்டாத பொருள், வெளிய தள்ளணும். தள்ளணும்னா சிறுநீர்லயோ பித்தத்துலயோ கலந்து போகணும், இதுவோ எண்ணெய் மாதிரி, தண்ணியில கரையாது. தலையில எண்ணெய் தேச்சுட்டு வெறும் தண்ணி ஊத்தினா போகுமா? சீயக்காய் போட்டாத்தான் போகும். அந்த சீயக்காய் வேலையை செய்ய செல்லுக்குள்ள என்சைம்கள் இருக்கு. பென்சோபைரீன் உள்ள வந்ததும் ஏஎச் ரிசப்டர்னு ஒரு புரதம் அதை புடிச்சுக்கிட்டு நியூக்ளியஸுக்குள்ள போய் ஸ்விட்ச் போடும். உடனே சைப் 1ஏ1ங்கிற என்சைம் நிறைய தயாராகும். அது வந்து வளையத்துல ஒரு ஆக்சிஜனை ஏத்தும். இன்னொரு என்சைம் அதுல தண்ணியை சேர்க்கும். இப்போ ஓரளவு கரையுற பொருள் ஆகிடுச்சு, இதோட விட்டிருந்தா பிரச்சனையே இல்ல. ஆனா சைப் என்சைம் திரும்பவும் வந்து பக்கத்துல இன்னொரு ஆக்சிஜனை ஏத்திடும், அப்போ வர்ற பொருளுக்கு பேரு டையால் எபாக்சைடு.

இது மந்தம் கிடையாது. இழுத்துக் கட்டின வில்லு மாதிரி மூணு அணு சேர்ந்த ஒரு முக்கோணம் இதுல இருக்கும், எப்போ எதோட ஒட்டலாம்னு துடிச்சுக்கிட்டு இருக்கும். டிஎன்ஏவுல அடினின், தைமின், குவானின், சைட்டோசின்னு நாலு எழுத்து இருக்கு, அதுல குவானினை கண்டா நேரா போய் கெட்டியா ஒட்டிக்கும். இந்த ஒட்டலுக்கு அடக்ட்னு பேரு. சின்ன எழுத்து மேல அஞ்சு வளையம் உள்ள பெரிய மூட்டை ஏறி உக்காந்த மாதிரி, அந்த இடத்துல டிஎன்ஏ ஏணியே கோணிப் போயிடும்.

ஆக வெளிய இருந்து வந்த பொருளை விஷமா கூர் தீட்டுறது நம்ம உடம்பே தான், அதுவும் நம்மளை சுத்தம் பண்ண போய். இதை முதல் தடவை படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

நம்ம உடம்பே விஷமாக்குதுன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?

1970கள்ல ப்ரூஸ் ஏம்ஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி ஒரு எளிய டெஸ்ட் கொண்டு வந்தார். சால்மொனெல்லா பாக்டீரியாவை எடுத்து ஒரு பொருளோட சேர்த்து தட்டுல வளர்த்து அதோட டிஎன்ஏ மாறுதான்னு பாக்குறது. பென்சோபைரீனை மட்டும் போட்டா பாக்டீரியாவுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஏன்னா அதுகிட்ட நம்ம சைப் என்சைம் கிடையாது. அதே தட்டுல எலியோட ஈரலை அரைச்சு வடிச்ச சாறை கொஞ்சம் சேர்த்தா ரெண்டு நாள்ல தட்டு முழுக்க மாறிப்போன பாக்டீரியா புள்ளி புள்ளியா முளைச்சிருக்கும். ஈரல் சாறு இல்லாத தட்டையும் உள்ள தட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா வேற விளக்கமே தேவைப்படாது. இன்னைக்கும் புது மருந்து, புது கெமிக்கல் எது வந்தாலும் இந்த டெஸ்ட்டை பண்றாங்க.

மூட்டை ஏறி உக்காந்தா உக்காரட்டும், அதுல என்ன கெடுதல்?

செல் ரெண்டாகும்போது டிஎன்ஏ முழுசையும் படிச்சு காப்பி எடுக்கணும். ஒரு செல்லுல அம்மா பங்கு அப்பா பங்கு சேர்ந்து சுமார் 600 கோடி எழுத்து ஜோடி, நீட்டி வச்சா 2 மீட்டர். காப்பி எடுக்குற என்சைம் இந்த மூட்டைக்கிட்ட வந்ததும் நின்னுடும், எழுத்து என்னன்னு படிக்க முடியல. நின்னே இருந்தா செல் செத்துடும், அதனால கரடுமுரடான இடத்தை எப்படியாவது தாண்டிப் போற வேற என்சைம்களை கூப்பிடும். அதுங்க சில சமயம் சரியா எழுதும், சில சமயம் உத்தேசமா ஏதோ ஒண்ணை போட்டுட்டு போயிடும், பெரும்பாலும் அடினினை போடும். அடினினுக்கு ஜோடி தைமின், அதனால அடுத்த சுத்து காப்பியில குவானின் இருந்த இடத்துல தைமின் வந்து உக்காந்துடும். அவ்வளவுதான், எழுத்துப்பிழை நிரந்தரமாயிடுச்சு, இனிமே எந்த ரிப்பேர் என்சைம் வந்து பாத்தாலும் அது சரியான எழுத்து மாதிரியே தெரியும். "பனி"க்கும் "பணி"க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், படிக்கிறவங்களுக்கு அது பிழைன்னே தெரியாது, அந்த மாதிரி.

இன்னொரு வழியும் இருக்கு. பென்சோபைரீன்லேருந்து குயினோன்னு ஒரு வகை பொருளும் உண்டாகும், அது சுத்தி சுத்தி வினை புரிஞ்சு ஆக்சிஜன் ரேடிக்கல்களை, அதாவது பக்கத்துல எது இருந்தாலும் தாக்குற ஆக்சிஜன் மூலக்கூறுகளை, கக்கும். அந்த ரேடிக்கல் குவானினை 8-ஆக்சோகுவானினா மாத்தும், டிஎன்ஏ இழையை வெட்டவும் செய்யும். 8-ஆக்சோகுவானினும் அடினினோட தப்பா ஜோடி சேரும், ஆக முடிவு அதே குவானின் போய் தைமின் வர்றதுதான்.

உடம்பு இதை சரி பண்ணாதா?

பண்ணும், அதுவும் அசராம பண்ணும். வெளி விஷம் எதுவும் இல்லாட்டியும் ஒவ்வொரு செல்லுலயும் தினம் பல்லாயிரம் சேதம் நடக்குது, உடம்பு சூடும் தண்ணியும் ஆக்சிஜனுமே டிஎன்ஏவை அரிக்கும், அதெல்லாம் அப்பப்போ சரியாகுது. இந்த மாதிரி பெரிய மூட்டைக்குன்னே தனியா ஒரு ரிப்பேர் கூட்டம் இருக்கு. ஏணி கோணியிருக்குற இடத்தை ஒரு புரதம் தடவி கண்டுபிடிக்கும், இன்னொண்ணு வந்து இழையை பிரிக்கும், ரெண்டு பக்கமும் வெட்டி சுமார் 30 எழுத்து உள்ள துண்டை மூட்டையோட தூக்கி எறிஞ்சிட்டு எதிர் இழையை பாத்து புதுசா எழுதி ஒட்டிடும். டிஎன்ஏ ரிப்பேரை புரிய வச்சதுக்குத்தான் 2015ல தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசிஸ் சான்ஜார் மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல் கொடுத்தாங்க. சான்ஜார் துருக்கியில பிறந்தவர், பென்சோபைரீன் மூட்டையை மனுஷ டிஎன்ஏ எங்கெங்க ரிப்பேர் பண்ணுதுன்னு முழு வரைபடமே அவரோட லேப் போட்டுச்சு.

இந்த ரிப்பேர் ஜீன் பிறப்புலேயே பழுதா இருக்குற குழந்தைங்க இருக்காங்க, சீரோடெர்மா பிக்மென்டோசம்னு பேரு, வெயில் பட்டாலே தோல் கேன்சர் வந்துடும். ரிப்பேர் எவ்வளவு பெரிய வரம்னு அந்த குழந்தைங்களை நினைச்சா புரியும்.

ரிப்பேருக்கு வேண்டியது நேரம். மூட்டையை இறக்குறதுக்கு முன்னாடி செல் காப்பி எடுத்துட்டா பிழை பதிஞ்சிடும். ஒரு நாள் புகையை உடம்பு சமாளிக்கும், தினம் மூணு வேளைன்னு 30 வருஷம் வந்தா ரிப்பேர் கூட்டம் எங்கேயாவது விட்டுத்தான் ஆகணும்.

பிழை வந்தா கேன்சர்தானா?

இல்ல. பெரும்பாலான பிழை ஒண்ணுக்கும் உதவாத இடத்துல விழும், ஒரு விளைவும் இருக்காது. மாட்டக்கூடாத இடம் சிலது இருக்கு, அதுல ஒண்ணு பி53 ஜீன். டிஎன்ஏ அடிபட்டா செல்லை நிறுத்தி ரிப்பேர் பண்ணு, முடியலன்னா செத்துப்போன்னு உத்தரவு போடுற காவல்காரன் அது. 1996ல ஒரு ஆய்வு, டையால் எபாக்சைடை மனுஷ செல்லுல போட்டு பி53ல எங்கெங்க ஒட்டுதுன்னு பாத்தாங்க. 157, 248, 273ன்னு குறிப்பா சில இடத்துல அதிகமா ஒட்டுச்சு. சிகரெட் குடிச்சு நுரையீரல் கேன்சர் வந்தவங்களோட கட்டியில பி53 எங்க உடைஞ்சிருக்குன்னு ஏற்கனவே பட்டியல் இருந்துச்சு, அதுலயும் அதே இடங்கள் தான். அதுவரைக்கும் புகைக்கும் கேன்சருக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் எண்ணிக்கையை வச்சு சொன்னது, இது குற்றம் நடந்த இடத்துல கைரேகை கிடைச்ச மாதிரி.

2016ல வந்த இன்னொரு கணக்கு, தினம் ஒரு பாக்கெட் சிகரெட் ஒரு வருஷம் பிடிச்சா நுரையீரல் செல் ஒவ்வொண்ணுலயும் சராசரியா 150 பிழை கூடுதலா சேருது. குரல்வளை செல்லுல 97, புகையே போகாத சிறுநீர்ப்பையில கூட 18.

எங்க வீட்ல யாரும் சிகரெட் பிடிக்கல, எங்களுக்கு ஏன் பயம்?

சீனாவுல யுனான் மாகாணத்துல சுவான்வேன்னு ஒரு இடம். அங்க பெண்கள் கிட்டத்தட்ட யாருமே சிகரெட் பிடிக்க மாட்டாங்க, ஆனா நுரையீரல் கேன்சர் அந்த நாட்டுலயே மிக அதிகமா இருந்துச்சு. காரணம் அடுப்பு. புகை கக்குற ஒரு வகை நிலக்கரியை வீட்டுக்குள்ள குழி தோண்டி எரிச்சாங்க, புகைபோக்கி கிடையாது, அந்த காத்துல பென்சோபைரீன் அவ்வளவு இருந்துச்சு. அவங்க கட்டியை எடுத்து பாத்தப்போ பி53லயும் கேராஸ்ங்கிற இன்னொரு ஜீன்லயும் அதே குவானின் போய் தைமின் வந்த பிழை. சிகரெட்டை தொடாத பெண்களோட டிஎன்ஏவுல சிகரெட்டோட அதே முத்திரை.

அப்புறம் புகைபோக்கி வச்ச அடுப்புக்கு நிறைய குடும்பங்க மாறினாங்க, அந்த குடும்பங்கள்ல வருஷங்கள் போகப் போக நுரையீரல் கேன்சர் அபாயம் பாதிக்கு கிட்ட குறைஞ்சிடுச்சு. ஒரே நிலக்கரி, ஒரே ஊரு, ஒரு குழாய் மட்டும் புதுசு. இந்த ஒரு விஷயத்தை எல்லா வீட்டுலயும் போய் சொல்லணும்னு எனக்கு ஆசை.

நம்ம நாட்டுல மேற்கு வங்காள கிராமங்கள்ல விறகுலயும் வரட்டியிலயும் சமைக்கிற பெண்களையும் கேஸ்ல சமைக்கிற பெண்களையும் ஒப்பிட்டு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. விறகுல சமைக்கிறவங்க கன்னத்து உள் செல்கள்ல மைக்ரோநியூக்ளியஸ், அதாவது உடைஞ்ச குரோமோசோம் துண்டு தனியா ஒதுங்கி நிக்கிறது, அதிகமா இருந்துச்சு, டிஎன்ஏ சேதமும் அதிகம்.

டிஎன்ஏ உடைஞ்சிருக்குன்னு கண்ணால பாக்க முடியுமா?

முடியும், என் நாலு வருஷம் அதுலதான் போச்சு. காமெட் அசேன்னு பேரு. ஒரு துளி ரத்தத்துலேருந்து செல்களை எடுத்து ஜெல்லுல கலந்து கண்ணாடி ஸ்லைடுல பூசி, உப்பும் சோப்பும் கலந்த திரவத்துல ஊற வச்சா செல்லோட சவ்வெல்லாம் கரைஞ்சு டிஎன்ஏ உருண்டை மட்டும் நிக்கும். அதுல கரண்ட் விட்டா உடையாத டிஎன்ஏ அப்படியே உருண்டையா நிக்கும், உடைஞ்ச துண்டுகள் பாசிட்டிவ் பக்கம் இழுபட்டு ஓடும். சாயம் போட்டு இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்ல பாத்தா நல்ல செல் பௌர்ணமி நிலா மாதிரி வட்டமா, அடிபட்ட செல் பின்னாடி வால் நீட்டிக்கிட்டு வால்நட்சத்திரம் மாதிரியே இருக்கும். வால் எவ்வளவு நீளமோ சேதம் அவ்வளவு. இப்போ எல்லாரும் பண்ற முறையை 1988ல கொண்டு வந்தவர் நரேந்திர சிங்.

ஒரு விஷயம் சொல்லணும், பென்சோபைரீன் மூட்டை ஒட்டினா மட்டும் வால் வராது, ரிப்பேர் கூட்டம் வெட்டும்போதோ ரேடிக்கல் வெட்டும்போதோ தான் வரும். அதனால வால் இல்லைன்னா சேதமே இல்லைன்னு சொல்ல முடியாது, மூட்டையை கணக்கு எடுக்க வேற முறை இருக்கு.

குப்பை, வயர் எரிச்சா வர்ற டையாக்சினும் இப்படித்தான் டிஎன்ஏல ஒட்டுமா?

ஒட்டாது, அது வேற வழி. குளோரின் உள்ள பொருளை, முக்கியமா பிவிசியை, குறைஞ்ச சூட்டுல எரிச்சா டையாக்சின் வரும், செம்பு கூட இருந்தா இன்னும் வேகமா உண்டாகும். அதனால வயரை குவிச்சு எரிச்சு காப்பர் எடுக்குறது இருக்கே, பிவிசியும் செம்பும் புகையுற தீயும் ஒரே இடத்துல, டையாக்சினுக்கு அதை விட தோதான இடமே கிடையாது. அந்த வேலையை பெரும்பாலும் வேற வழியில்லாத ஏழை பசங்கதான் பண்றாங்க, மனசு பதறுது.

டையாக்சின் உள்ள போனதும் பென்சோபைரீன் புடிச்ச அதே ஏஎச் ரிசப்டரைத்தான் புடிக்கும். வித்தியாசம் என்னன்னா உடம்பால இதை உடைக்க முடியாது, அதனால ஸ்விட்ச் போட்டது போட்டபடி ஆன்லயே இருக்கும். அதிலேயே கொடிய வகையான டிசிடிடி பாதி குறையவே மனுஷ உடம்புல சுமார் 7 வருஷம் ஆகும். நேரா டிஎன்ஏல ஒட்டாட்டியும் ஆக்சிஜன் ரேடிக்கலை ஏத்தி விட்டு சேதம் பண்ணும், செல் வளர்ச்சியோட கட்டுப்பாட்டை குலைக்கும், மத்த விஷத்தை கூர் தீட்டுற சைப் என்சைமையும் ஏத்தி வச்சிருக்கும். 1976 ஜூலை 10 அன்னைக்கு இத்தாலியில செவெசோ பக்கத்துல ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில டிசிடிடி மேகம் கிளம்பி ஊர் மேல படிஞ்சுது, ஏறக்குறைய 200 பேருக்கு குளோராக்னேங்கிற கடுமையான தோல் நோய் வந்துச்சு, பெரும்பாலும் குழந்தைங்க. 1997ல இதுவும் குரூப் 1க்கு வந்துடுச்சு.

பால் கவர் பாலித்தீன், அதுல குளோரின் கிடையாது, அதனால டையாக்சின் பயம் கம்மி. ஆனா பிஏஎச்சும் கரியும் தாராளமா வரும். அடுப்புக்குள்ள போற கவர்ல எது பாலித்தீன், எது பிவிசின்னு யாரு பிரிச்சு பாக்குறாங்க?

பூச்சி மருந்து?

சுருக்கமா சொல்றேன், ஒவ்வொண்ணும் ஒரு தனி கதை. லிண்டேனை 2015ல குரூப் 1லயும் டிடிடியை அதுக்கு அடுத்த 2ஏலயும் வச்சாங்க. ரெண்டும் கொழுப்புல தங்கும், தாய்ப்பால்ல வரும். இதுங்க மூட்டை மாதிரி ஒட்டுறதை விட ரேடிக்கல், ஹார்மோன், நோய் எதிர்ப்பு வழியாத்தான் அதிகமா கெடுக்கும். 2001ல கையெழுத்தாகி 2004ல அமலுக்கு வந்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் இப்படி அழியாம தங்குற பொருள்கள் 12ஐ முதல்ல பட்டியல் போட்டுச்சு, டையாக்சினும் டிடிடியும் அதுல உண்டு. காசர்கோடு முந்திரி தோட்டத்துல ஹெலிகாப்டர்ல தெளிச்சு அத்தனை குடும்பத்தை நாசம் பண்ணின எண்டோசல்ஃபான் 2011ல அதுல சேர்ந்துச்சு, அதே வருஷம் சுப்ரீம் கோர்ட்டும் தடை போட்டுச்சு.

பெட்ரோல் பங்க்ல நிக்கும்போது மூக்குல ஏறுற வாசனை?

அதுல பென்சீன் இருக்கு, அதுவும் குரூப் 1. ஈரல்ல மாறி, எலும்பு மஜ்ஜைக்கு போய் குயினோனா ஆகி, ரத்தம் உண்டாக்குற செல்லோட குரோமோசோமை உடைக்கும், அதனாலதான் ரத்தப் புற்றுநோய். வண்டிக்கு போட்டுட்டு போற நமக்கு நிமிஷக் கணக்கு, அங்கேயே எட்டு மணி நேரம் நிக்கிறவங்களை பத்தித்தான் கவலைப்படணும்.

வயித்துல இருக்குற குழந்தைக்கு போகுமா?

போகும். போலந்துல கிராக்கோலயும் நியூயார்க்லயும் ஃப்ரெடெரிக்கா பெரேராவோட குழு தாய்மாரோட ரத்தத்தையும் தொப்புள்கொடி ரத்தத்தையும் சேர்த்து பாத்தாங்க. நஞ்சுக்கொடி தாண்டி குழந்தைக்கு போற அளவு ரொம்ப கம்மிதான், ஆனா டிஎன்ஏல ஒட்டின மூட்டை தாய்க்கும் குழந்தைக்கும் கிட்டத்தட்ட சமமா இருந்துச்சு. குழந்தையோட செல்கள் வேகமா பெருகுது, சுத்தம் பண்ற என்சைமும் இன்னும் முழுசா தயாராகல. கர்ப்பமா இருக்குற பொண்ணை விறகு அடுப்பு முன்னாடி உக்கார வைக்காதீங்கன்னு நான் கெஞ்சி கேக்குறது இதுக்காகத்தான்.

சாப்பாட்டுல வருமா? கிரில் சிக்கன் சாப்பிடலாமா?

கரி நெருப்பு மேல கொழுப்பு சொட்டி, அந்த புகை கறி மேல படியுறப்போ வரும். கருகின பாகத்தை கிள்ளி போட்டுடுங்க, என்னைக்காவது ஒரு நாள் சாப்பிடுறதுக்கு பயப்பட வேண்டாம். அதிகம் பேர் கவனிக்காதது தேங்கா எண்ணெய். கொப்பரையை புகை மூட்டத்துல காய வச்சா பிஏஎச் கொப்பரையில ஏறி எண்ணெய்லயும் இறங்கும், காங்கேயம் பக்கம் களத்துல வெயில்ல காய வைக்கிற கொப்பரைக்கு அந்த பிரச்சனை இல்ல. ஐரோப்பாவுல சமையல் எண்ணெய் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் பென்சோபைரீனுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

கொசுவர்த்தி, சாம்பிராணி, போகி?

கொசுவர்த்தி சுருளும் மூட்டமா எரியுற மரத்தூள்தான். 2003ல வந்த ஒரு ஆய்வுல ஒரு சுருள் விடுற நுண்துகள் 75லேருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு கணக்கு போட்டாங்க. அது துகளோட கணக்கு, டிஎன்ஏ சேதமும் அதே அளவுன்னு அர்த்தம் இல்ல, ஆனா மூடின ரூம்ல குழந்தை தலைமாட்டுல ராத்திரி முழுக்க வேணாம், கொசுவலை கட்டுங்க. சாம்பிராணி போட்டா ஜன்னலை திறந்து வைங்க. போகிக்கு பழைய பாய், ஓலை எரிச்ச காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கிறோம், 2018 போகி காலையில புகையில ஓடுபாதையே தெரியாம சென்னை ஏர்போர்ட்ல ஃப்ளைட்டெல்லாம் பாதிச்சுது. அந்த புகையைத்தான் ஊரே மூச்சுல இழுத்துச்சு.

டீடாக்ஸ் ஜூஸ், விட்டமின் மாத்திரை சாப்பிட்டா சரியாகுமா?

ஒட்டின மூட்டையை எந்த ஜூஸும் கழட்டாது. மாத்திரை பத்தி ஒரு கசப்பான பாடமே இருக்கு. பின்லாந்துல 29,000க்கும் மேல சிகரெட் பிடிக்கிற ஆண்களை வச்சு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்து பாத்தாங்க, கேன்சர் குறையும்னு நம்பி. 1994ல முடிவு வந்தப்போ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடியிருந்துச்சு. அதனால புகை பிடிக்கிறவங்க கடையில பாத்த மாத்திரையை வாங்கி சாப்பிடாதீங்க. காய்கறியா சாப்பிடுறது வேற. முட்டைகோஸ், முள்ளங்கி குடும்பத்துல இருக்குற பொருள்கள் விஷத்தை வெளிய தள்ளுற என்சைம்களை தூண்டும். சீனாவுல கிடோங்ல 2014ல வந்த ஆய்வுல ப்ரோக்கோலி முளை சாறு குடிச்சவங்க சிறுநீர்ல பென்சீன் கழிவு 61 சதவீதம் கூடுதலா வெளிய போச்சு. இப்படி தள்ளுற ஜிஎஸ்டிஎம்1 ஜீனே பிறப்புல இல்லாதவங்க நம்மள்ல நிறைய பேர், அதனால ஒரே புகை ரெண்டு பேரை ஒரே மாதிரி பாதிக்காது.

எனக்கு எவ்வளவு சேதம்னு டெஸ்ட் எடுக்கலாமா?

சிறுநீர்ல 1-ஹைட்ராக்சிபைரீன்னு ஒண்ணை அளக்கலாம், அது நேத்து முந்தாநேத்து எவ்வளவு புகை உள்ள போச்சுன்னு காட்டும், 20 வருஷத்து கணக்கை காட்டாது. காமெட், மைக்ரோநியூக்ளியஸ் எல்லாம் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோட ஒப்பிட உதவும், உங்க ஒருத்தருக்கு கேன்சர் வருமா வராதான்னு சொல்லாது. அப்படி சொல்றேன்னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

இத்தனை வருஷம் ஆயிடுச்சு, இப்போ நிறுத்தி என்ன புண்ணியம்?

இந்த கேள்விக்குத்தான் எனக்கு ரொம்ப சந்தோஷமா பதில் சொல்ல வரும். 2020ல இங்கிலாந்துல 16 பேரோட மூச்சுக்குழாய் செல்களை ஒண்ணொண்ணா எடுத்து டிஎன்ஏ படிச்சாங்க. சிகரெட்டை விட்டவங்ககிட்ட, பல வருஷம் பிடிச்சிருந்தும், சிகரெட்டே தொடாதவங்க மாதிரி சுத்தமான செல்கள் ஒரு பங்கு இருந்துச்சு, இன்னும் பிடிக்கிறவங்களை விட நாலு மடங்கு வரைக்கும் அதிகமா. அடிபடாம எங்கேயோ ஒதுங்கி இருந்த செல்கள் புகை நின்னதும் பெருகி அந்த இடத்தை நிரப்புதுன்னு தான் அவங்க விளக்கினாங்க. பழைய பிழை அழியாது, ஆனா நல்ல செல் இடம் பிடிக்குது.

கேஸ் வாங்க வசதி இல்ல, விறகுதான். என்ன பண்றது?

விறகை மழை படாம அடுக்கி நல்லா காய வைங்க, அதுலயே புகை நிறைய குறையும். அடுப்புக்கு மேல குழாய் வச்சு புகையை கூரைக்கு வெளிய விடுங்க, இல்லைன்னா அடுப்பையே வெளிய திண்ணை ஓரம் தள்ளுங்க. புகையில நின்னே ஆகணும்னா என்95 மாஸ்க் உதவும், ஏன்னா பென்சோபைரீன் துகள்ல ஒட்டித்தான் வருது, துணி மாஸ்க்கும் முந்தானையும் அந்த துகளை சரியா தடுக்காது. பென்சீன் மாதிரி ஆவியை என்95யும் தடுக்காது.

சித்தி வீட்ல வெந்நீர் அடுப்பை கிணத்தடிக்கு மாத்தியாச்சு, தகரக் குழாய் ஒண்ணு 900 ரூபாய்க்கு அடிச்சு வாங்கி மாட்டினோம். பத்த வைக்க கவருக்கு பதிலா காஞ்ச பன்னாடையும் தேங்கா சிரட்டையும் ஒரு சாக்குல கட்டி மழைக்கு ஒதுக்குப்புறமா வச்சிருக்காங்க, அது கவரை விட சீக்கிரம் புடிச்சுக்குது. பால் கவரை கழுவி காய வச்சு ஆணியில சொருகி வைக்கிறாங்க, மாசத்துக்கு ஒரு தடவை பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துட்டு போறார்.